கத்துவது பெல்ட், கோளாறு எங்கே?

பழைய கார் வைத்திருப்பவர்களில் பலர் என் பட்டறைக்கு வரும்போதே தீர்ப்பை எழுதிக்கொண்டு வந்துவிடுவார்கள். "பெல்ட் கத்துதுண்ணே, மாத்தி விட்ருங்க." பெல்ட் கத்துவது பொய்யில்லை. வண்டி தெருமுனையில் திரும்பும்போதே எனக்கும் கேட்டிருக்கும். ஆனால் அந்த பெல்ட்டைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்றை மாட்டினால் சத்தம் ஒழிந்துவிடும் என்று நினைக்கிறார்களே, அதுதான் சரியில்லை. பல வண்டிகளில் கொஞ்ச நாள் அமைதியாக இருக்கும். அதற்குப் பிறகு புது பெல்ட்டும் பழைய பாட்டையே பாடும்.

மதுரையில் பழைய வண்டிகள்தான் என் பிழைப்பு. மாருதி 800, ஜென், எஸ்டீம், ஆரம்பகால சான்ட்ரோ, எப்போதாவது ஓர் அம்பாசடர். புது வண்டிகள் கம்பெனி சர்வீஸுக்குப் போய்விடும். என்னிடம் வருகிறவை ரிட்டயர்டு வாத்தியார்கள் விற்க மனமில்லாமல் வைத்திருப்பவை, பேரன் ஓட்டிப் பழகட்டும் என்று கொடுத்தவை. இந்த வண்டிகள் பலவற்றில் கம்ப்யூட்டரைச் செருகி என்ன கோளாறு என்று கேட்க முடியாது. கேட்க முடிந்தாலும் பெல்ட் சத்தத்தைப் பற்றி அது வாய் திறக்காது. காது, கண், ஒரு நீள ஸ்குரூடிரைவர், சலூன்காரர் தலைக்குத் தண்ணீர் அடிக்கிற மாதிரி ஒரு ஸ்பிரே பாட்டில். பெல்ட் சத்தத்தின் காரணத்தைக் கண்டுபிடிக்கப் பெரும்பாலும் இவை போதும்.

பானெட்டைத் திறந்தால் என்ஜினின் ஒரு பக்கத்தில் கறுப்பு ரப்பர் பட்டை தெரியும். கிராங்க் ஷாஃப்ட் முனையில் உள்ள புல்லி சுற்றும்போது அது இந்தப் பட்டையை இழுக்க, பட்டை மற்றப் புல்லிகளைச் சுற்றுகிறது. ஜென்னிலும் 800-லும் ஒரு பெல்ட் தண்ணீர்ப் பம்பையும் ஆல்டர்னேட்டரையும் ஓட்டும். ஏ.சி. கம்ப்ரெஸருக்குத் தனி பெல்ட். பவர் ஸ்டீயரிங் உள்ள எஸ்டீம் மாதிரி வண்டிகளில் அந்தப் பம்புக்கும் பெல்ட்தான். ஆல்டர்னேட்டரை எங்கள் ஆட்கள் டைனமோ என்பார்கள்; அதன் பெல்ட்டை ஃபேன் பெல்ட் என்பார்கள். அம்பாசடரில் ரேடியேட்டர் விசிறியையும் அந்த பெல்ட்தான் சுற்றியது. மாருதியில் விசிறிக்குத் தனி கரண்ட் மோட்டார் உண்டு.

பெல்ட் வேலை செய்வது முழுக்க உராய்வால். சும்மா தட்டையான பட்டை என்றால் வழுக்கிவிடும். அதனால்தான் 1917-இல் அமெரிக்காவின் டென்வர் நகரில் ஜான் கேட்ஸ் என்பவர் 'வி' எழுத்து வடிவத்தில் ரப்பர் பெல்ட் செய்தார். சரிவான இரண்டு பக்கங்களும் புல்லியின் பள்ளத்துக்குள் ஆப்பு இறங்குவதுபோல் இறங்கி இறுகும். பக்கங்களுக்கு இடையே சுமார் 40 டிகிரி கோணம். அந்த ஆப்பு வேலையால் தட்டை பெல்ட்டைவிட ஏறக்குறைய 3 மடங்கு பிடிமானம் கிடைக்கும். அம்பாசடரில் இருந்தது இந்த வகை. பிறகு வந்தது உள்பக்கம் நீளவாக்கில் வரி வரியாகப் பள்ளம் ஓடும் பெல்ட். அதன் முதுகில் 4பிகே 880 என்கிற மாதிரி ஓர் எண் அச்சிட்டிருக்கும். 4 வரி, 880 மில்லிமீட்டர் நீளம். நடுவில் உள்ள பிகே, வரிக்கு வரி 3.56 மி.மீ. இடைவெளி என்பதைக் குறிக்கும். கடையில் வாங்கும்போது வண்டிப் பெயரைச் சொல்வதோடு நில்லாமல் பழைய பெல்ட்டின் எண்ணையும் காட்டி வாங்குங்கள். 10 மி.மீ. நீளம் கூடினாலே ஆல்டர்னேட்டரை எவ்வளவு இழுத்தாலும் டைட் ஏறாத வண்டிகள் உண்டு. எங்கள் ஊர் கோச்சடையிலேயே ஃபென்னர் பெல்ட் தொழிற்சாலை இருப்பதால் மதுரையில் பெல்ட்டுக்குப் பஞ்சமில்லை. பொருத்துகிற ஆளுக்குப் பொறுமைதான் பஞ்சம்.

பெல்ட் ஏன் கத்துகிறது? ரப்பர் புல்லியைப் பற்றும், நழுவும், மறுபடி பற்றும். நொடிக்கு நூற்றுக்கணக்கில் இது நடக்கும்போது பெல்ட் அதிர்ந்து ஓசை எழுகிறது. வயலின் வில் தந்தியைப் பற்றியும் விட்டும் நாதம் எழுப்புவதும் இதே தத்துவம். ஆகவே நான் கேட்கிற முதல் கேள்வி, "எங்கே கத்துது?" என்பதில்லை. "எப்பக் கத்துது?" என்பதுதான்.

எஸ்.எஸ். காலனியிலிருந்து ஒரு டீச்சர். 1990-களின் கடைசியில் வந்த ஜென். அவர் சொன்னது இது:

"காலைல ஸ்டார்ட் பண்ணதும் கீ...ச்சுனு ஒரே கத்து. தெருவே எந்திரிச்சிருது. கொஞ்ச நேரத்துல தன்னால நின்னுடுது. சாயங்காலம் ஸ்கூல் விட்டு எடுக்கும்போது அவ்வளவா இல்ல."

"ஸ்கூல் எவ்வளவு தூரம், டீச்சர்?"

"பக்கந்தாண்ணே. மூணு கிலோமீட்டர்."

"ஏ.சி. போடுவீங்களா?"

"வெயிலுக்குப் போடாம முடியுமா?"

பாதி விடை அங்கேயே கிடைத்துவிட்டது. ஸ்டார்ட்டர் மோட்டார் ஒரு தடவை சுற்றும்போது பேட்டரியிலிருந்து பெரிய கரண்டை உறிஞ்சுகிறது. என்ஜின் பிடித்ததும் ஆல்டர்னேட்டர் அதைத் திருப்பி நிரப்பப் பார்க்கும். பேட்டரி நன்றாக இருந்தால் சில நொடியில் பசி அடங்கும். இறங்கிப் போன பேட்டரி விடாமல் கேட்டுக்கொண்டே இருக்கும். 50 ஆம்பியர் ஆல்டர்னேட்டர் முழு வேகத்தில் கொடுத்தால் 14 வோல்ட்டில் 700 வாட். ஆல்டர்னேட்டருக்குள்ளேயே கணிசமாக வீணாவதால், அதைச் சுற்றுவதற்கு என்ஜின் ஒரு கிலோவாட்டுக்கு மேல் செலவழிக்க வேண்டும். அத்தனை சுமையும் கட்டைவிரல் அகலம்கூட இல்லாத ஒரு ரப்பர் பட்டை வழியாகத்தான் போகிறது. கொஞ்சம் தளர்ந்திருந்தாலும் அது வழுக்கத்தானே செய்யும்?

மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தேன். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் நல்ல பேட்டரி 12.6 வோல்ட் காட்ட வேண்டும். 12.2 என்றால் பாதிதான் நிரம்பியிருக்கிறது. டீச்சர் வண்டியில் அதற்கும் கீழே. தினமும் 3 கிலோமீட்டர் ஓட்டம், அதிலும் ஏ.சி., ஹெட்லைட், ஹாரன். பேட்டரி எந்த நாளிலும் நிரம்பவே இல்லை. ஒவ்வொரு காலையும் ஆல்டர்னேட்டர் அதற்குக் கடன் அடைக்கும்போது பெல்ட் கத்தியிருக்கிறது. பேட்டரியைச் சார்ஜில் போட்டோம், ஞாயிற்றுக்கிழமை திருமங்கலம் வரை ஒரு சுற்றுப் போய் வரச் சொன்னேன், பெல்ட் டைட்டையும் சரி பண்ணினேன். பேட்டரிக்கும் வயதாகிவிட்டது, அடுத்த மழைக்குள் மாற்ற வேண்டியிருக்கும் என்று சொல்லி அனுப்பினேன். பெல்ட் அதே பெல்ட்தான்.

இதே சோதனையை நீங்களும் செய்யலாம். ஐடிலில் ஓடவிட்டு ஹெட்லைட்டைப் போடுங்கள், புளோயரை உச்சத்தில் வையுங்கள். கத்தினால் ஆல்டர்னேட்டர் பெல்ட். ஏ.சி. பட்டனை அமுக்கியதும் 'டொக்' என்று கிளட்ச் ஒட்டி, அதோடு கீச் வந்தால் ஏ.சி. பெல்ட், அல்லது கம்ப்ரெஸர் உள்ளே இறுகிக்கொண்டிருக்கிறது. ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் கடைசி வரை திருப்பும்போது மட்டும் கத்தினால் பவர் ஸ்டீயரிங் பம்பின் பெல்ட். திருப்பிய நிலையில் அப்படியே அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்காதீர்கள், பம்புக்கு ஆகாது. ஐப்பசி மழையில் காலையில் மட்டும் கத்தி, ஓடஓட நிற்கிறது என்றால் பெல்ட்டில் ஈரம் ஏறியிருக்கிறது. ஈரம் எல்லா பெல்ட்டையும் கொஞ்சம் வழுக்க வைக்கும். ஆனால் சரியான டைட்டில் உள்ள பெல்ட் அதைத் தாங்கும்.

நீளமாக இழுக்கும் 'கீ...ச்' வழுக்கலின் சத்தம். இன்னொன்று இருக்கிறது. விட்டு விட்டு 'கிச் கிச் கிச்' என்று வருவது. என்ஜின் வேகத்தைக் கூட்டினால் இதுவும் நெருக்கி நெருக்கி வரும், பிறகு ஓட்ட இரைச்சலில் அமுங்கிவிடும். இது வேறு வியாதி. பெல்ட் நேர்கோட்டில் ஓடவில்லை. புல்லிக்குள் கோணலாக நுழையும் பெல்ட், ஒவ்வொரு தடவையும் பள்ளத்தின் ஓரத்தில் உரசிக்கொண்டு உட்காருகிறது.

இரண்டையும் பிரித்துக் காட்டத்தான் ஸ்பிரே பாட்டில். என்ஜின் ஓடும்போது பெல்ட்டின் உள்பக்கத்தில் கொஞ்சம் பச்சைத் தண்ணீரை அடிக்க வேண்டும். சத்தம் உடனே நின்று, ஈரம் காய்ந்ததும் மறுபடி வந்தால் கோணல். தண்ணீர் பட்டதும் இன்னும் உரக்கக் கத்தினால் டைட் போதவில்லை. தண்ணீரால் எந்த மாற்றமும் இல்லையென்றால் சத்தம் பெல்ட்டிலிருந்தே வரவில்லை, பேரிங்கைப் பாருங்கள். பழைய கார்பரேட்டர் வண்டிகளில் டிஸ்ட்ரிபியூட்டர் மேலும் பிளக் வயர் மேலும் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நனைந்தால் வண்டி அங்கேயே படுத்துவிடும்.

இதைச் செய்வதற்கு முன் ஒரு வார்த்தை. ஓடுகிற பெல்ட் பக்கத்தில் துண்டு, துப்பட்டா, கழுத்தில் தொங்கும் ஐ.டி. கார்டு, முழுக்கைச் சட்டையின் பித்தான் போடாத முனை எதுவும் இருக்கக் கூடாது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குனிகிற பெரியவர்களை நான் என்ஜின் பக்கம் விடுவதே இல்லை. தொட்டுப் பார்க்கிற வேலை எதுவானாலும் சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்ட பிறகுதான். கரண்ட் விசிறி உள்ள வண்டிகளில் சூட்டில் விசிறி திடீரென்று தானாகச் சுற்ற ஆரம்பிக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

கோணலுக்கு வருகிறேன். பழைய வண்டிகளில் ஆளை அதிகமாக அலைக்கழிப்பது இதுதான். உசிலம்பட்டிப் பக்கத்து ஆள் ஒருவர், மாருதி 800. அடுத்தடுத்து பெல்ட் மாற்றியும் 'கிச் கிச்' போகவில்லை. ஒவ்வொரு பெல்ட்டும் ஒரு ஓரம் மட்டும் நூல் நூலாகப் பிரிந்து வந்திருக்கிறது. ஓரம் பிரிந்த பெல்ட்டைப் பார்த்தாலே மெக்கானிக்குக் கை அரிக்க வேண்டும். அது பெல்ட்டின் குறை இல்லை.

"இதுக்கு முன்னாடி வண்டில என்ன வேலை பாத்தீங்க?"

"ஒண்ணும் பாக்கலையேண்ணே. டைனமோ சார்ஜ் ஏறலன்னு கழட்டிக் குடுத்து ரெடி பண்ணி மாட்டுனேன், அவ்வளவுதான்."

அவ்வளவுதான்! இரும்பு ஸ்கேலை எடுத்து கிராங்க் புல்லி முகத்தோடு ஒட்டினாற்போல் வைத்து, பெல்ட் வழியாகவே ஆல்டர்னேட்டர் புல்லி வரை நீட்டிப் பார்த்தேன். கிராங்க் புல்லியிலும் தண்ணீர்ப் பம்ப் புல்லியிலும் பொருந்திய ஸ்கேல், ஆல்டர்னேட்டர் புல்லியில் மட்டும் விலகி நின்றது. ஏறக்குறைய 3 மி.மீ. சந்து. ஆல்டர்னேட்டரைத் தாங்கும் பிராக்கெட்டுக்கும் அதன் காதுக்கும் நடுவே ஒரு கனமான வாஷர் இருக்கும். கழற்றிய இடத்தில் அது எங்கேயோ உருண்டு போயிருக்கிறது, அல்லது மறுபக்கத்தில் மாட்டியிருக்கிறார்கள். அதே கனத்தில் ஒரு வாஷரைத் தேடிப் போட்டு போல்ட்டை இறுக்கியதும் சத்தம் அடங்கிவிட்டது. அவர் நம்பவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு பைபாஸ் வரை போய் வந்து, பானெட்டைத் திறந்து காதை வைத்துக் கேட்டார். பிறகு என்னிடம் கேட்ட கேள்வி, "அப்ப நான் வாங்குன பெல்ட்டெல்லாம்?" என்பது.

புல்லிகள் ஒரே நேர்கோட்டில் இல்லாமல் போக இன்னும் வழிகள் உண்டு. டைட் வைக்கும்போது ஆல்டர்னேட்டரின் மேல் போல்ட்டை மட்டும் தளர்த்தி, கீழே அது திரும்புகிற பெரிய போல்ட்டைத் தொடாமல் ராடு போட்டு நெம்புவார்கள். பிராக்கெட் வளையும், சமயத்தில் ஆல்டர்னேட்டரின் அலுமினிய ஓடே விரிசல் விடும். வரி பெல்ட்டுகளில் அவசரத்தில் ஒரு பள்ளம் தள்ளி மாட்டிவிடுவதும் சகஜம். பெல்ட் ஓடும், ஆனால் ஒரு வரி வெளியே தொங்கும். சில நாளில் அந்த வரி மட்டும் கிழிந்து வாலாட்டும். கிராங்க் புல்லி சில வண்டிகளில் ஒரே இரும்பாக இருக்காது. நடுக் குடம் தனி, வெளி வளையம் தனி, இடையில் ரப்பர். வருடக்கணக்கில் வெந்த ரப்பர் விட்டுக்கொடுத்தால் வெளி வளையம் நகர ஆரம்பிக்கும். சந்தேகம் வந்தால் குடத்திலிருந்து வளையம் வரை சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, ஓட்டிவிட்டு வந்து பாருங்கள். கோடு முறிந்திருந்தால் புல்லியை மாற்ற வேண்டும். வேறு வைத்தியம் கிடையாது.

புல்லியைப் பார்க்கிறபோது பள்ளத்தின் அடியையும் பாருங்கள். பழைய வி பெல்ட் ஓட வேண்டியது பக்கச் சுவர்களில். அடித்தரை மங்கலாக இருக்க வேண்டும். அடி பளபளவென்று தேய்ந்திருந்தால் பெல்ட் ஒடுங்கிக் கீழே இறங்கிவிட்டது, அல்லது புல்லியே அகன்றுவிட்டது. ஆப்பு வேலை அங்கே முடிந்தது; எவ்வளவு டைட் வைத்தாலும் வழுக்கும். மாதக்கணக்கில் ஷெட்டில் நின்ற வண்டி என்றால் பள்ளத்தில் துரு ஏறியிருக்கும். அது உப்புத்தாளாக நின்று பெல்ட்டை அராவும். பெல்ட் மாற்றுகிற அன்றைக்குப் புல்லியைக் கம்பி பிரஷ்ஷால் சுத்தம் செய்யாமல் விட்டால் புது பெல்ட்டுக்கு அதுதான் முதல் காயம்.

'டக்... டக்... டக்' என்று நிதானமான தாளத்தில் சத்தம் வந்தால் அதை எண்ணிப் பார்ப்பது எனக்குப் பிடித்த வேலை. கணக்கு எளிது. ஐடிலில் என்ஜின் நிமிடத்துக்கு 800 சுற்று என்று வைத்துக்கொள்வோம். நொடிக்கு 13 சுற்றுக்குச் சற்று அதிகம். கிராங்க் புல்லியின் விட்டம் 12 சென்டிமீட்டர் என்றால் பெல்ட் நொடிக்கு 5 மீட்டர் ஓடுகிறது. 88 சென்டிமீட்டர் நீளமுள்ள பெல்ட் தன் ஒரு முழுச் சுற்றை நொடிக்கு 5 அல்லது 6 தடவை முடிக்கும். ஆகவே காதால் எண்ணிவிடக்கூடிய தாளத்தில் சத்தம் வந்தால் கோளாறு பெல்ட்டின் உடம்பில் இருக்கிறது. ஒரு வரி பிய்ந்திருக்கும், பள்ளத்தில் சிறு கல் சிக்கியிருக்கும். கல் சிக்கியிருந்த வண்டிகளை நிறையவே பார்த்திருக்கிறேன். ஊசியால் நெம்பி எடுத்தால் தீர்ந்தது. எண்ண முடியாத வேகத்தில் படபடத்தால் புல்லியோ அதற்குள் உள்ள பேரிங்கோதான்.

பேரிங் கத்தாது, உறுமும். 'கர்ர்' என்று அடித்தொண்டையில் ஓர் இரைச்சல், வேகத்தோடு கூடும். இதற்கு நீள ஸ்குரூடிரைவர். பிடியைக் காதோரம் வைத்து, முனையை ஆல்டர்னேட்டரின் அசையாத உடம்பில் ஊன்றிக் கேட்க வேண்டும். பிறகு தண்ணீர்ப் பம்பின் உடம்பில், பிறகு கம்ப்ரெஸரில். நல்ல பேரிங் சீராக இரையும். கெட்டது மணலை அரைக்கும் ஓசை தரும், அதுவும் தலைக்குள் கேட்பதுபோல் இருக்கும். ஏ.சி. போட்டாலும் போடாவிட்டாலும் கம்ப்ரெஸர் பக்கம் உறுமினால் அதன் புல்லி பேரிங். போடும்போது மட்டும் என்றால் கம்ப்ரெஸரின் உள்கோளாறு.

சந்தேகம் தீரவில்லையா? என்ஜினை நிறுத்திவிட்டு பெல்ட்டைக் கழற்றுங்கள். பெல்ட் இல்லாமல் அரை நிமிடம் ஓடவிடுங்கள். அதற்கு மேல் வேண்டாம், தண்ணீர்ப் பம்ப் சுற்றாது. சத்தம் போய்விட்டதா? அப்படியானால் பெல்ட் ஓட்டுகிற சாமான்களில் ஏதோ ஒன்று. நிறுத்திவிட்டு ஒவ்வொரு புல்லியாகக் கையால் சுற்றிப் பாருங்கள், பிடித்து ஆட்டிப் பாருங்கள். தண்ணீர்ப் பம்ப் புல்லி ஆடினால் அதன் ஆயுள் முடிந்தது. பம்பின் அடியில் ஒரு சின்ன ஓட்டை இருக்கும்; சீல் கசிந்தால் அதன் வழியாகக் கூலண்ட் வழிந்து காய்ந்து படிந்திருக்கும். அந்தக் கூலண்ட் பெல்ட்டில் தெறித்துத்தான் சில வண்டிகள் கத்துகின்றன. பம்பை விட்டுவிட்டு பெல்ட்டை மாற்றுகிறவர் அடுத்த மாதமும் வருவார்.

பெல்ட் இல்லாதபோதும் சத்தம் வந்தால் வேறு பக்கம் தேட வேண்டும். கிளட்ச் பெடலை மிதிக்கும்போது மட்டும் வருகிற ஓசை கிளட்ச் பேரிங். மிதித்தால் நின்று, விட்டால் வருவது கியர் பாக்ஸ் பேரிங். காற்று உறிஞ்சும் ரப்பர் குழாயில் விரிசல் இருந்தால் விசில் அடிக்கும், அதையும் பெல்ட் என்று சொல்லிக்கொண்டு வருவார்கள்.

பிளாஸ்டிக் மூடிக்குள் மறைந்திருக்கும் டைமிங் பெல்ட் தனி ஜாதி. அதற்குப் பல் உண்டு, வழுக்காது, அதனால் கீச்சிடுவதும் இல்லை. மூடிக்குள் 'விர்ர்' என்ற ஓசையோ உரசலோ கேட்டால் அதன் டென்ஷனர் பேரிங்கைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். ஃபேன் பெல்ட் அறுந்தால் வண்டி நிற்கும். டைமிங் பெல்ட் அறுந்தால் சில என்ஜின்களில் பிஸ்டன் வால்வை இடித்து என்ஜினே போய்விடும். அது கத்தும் வரை காத்திருக்க வேண்டாம். கையேட்டில் சொன்ன கிலோமீட்டருக்கு மாற்றிவிடுங்கள். பல கார்களில் அது 60,000-க்கும் 1,00,000-க்கும் இடையில் இருக்கும். கிலோமீட்டர் ஆகாமல் வருடம் மட்டும் ஓடியிருந்தாலும் ரப்பர் ரப்பர்தான்.

எனக்குக் கோபம் வருகிற விஷயம் ஒன்று. சோப்பு. பெல்ட் கத்தினால் துணி சோப்பைத் தேய்ப்பது, தேங்காய் எண்ணெய் விடுவது, முகப்பவுடர் தூவுவது, கிரீஸ் தடவுவது. இத்தனையும் பார்த்தாயிற்று. சத்தம் நிற்கும், உண்மைதான். பெல்ட் நழுவுவதும் கூடும், அதுவும் உண்மைதான். எண்ணெய் பட்ட ரப்பர் ஊறி மெத்தென்று ஆகி வரிகள் உதிர ஆரம்பிக்கும். இதற்கென்றே விற்கிற ஸ்பிரேக்களும் ஏறக்குறைய அதே கதை. பிசுபிசுப்பில் சில நாள் பிடிக்கும், பிறகு தெருப்புழுதி முழுவதும் அதில் ஒட்டும். விற்கிற வண்டிக்கு வேண்டுமானால் உதவும். பழைய கார் வாங்கப் போகிறவர்கள் பெல்ட்டைத் தொட்டு முகர்ந்து பாருங்கள். சோப்பு வாசனை வந்தால் விலையைக் குறைத்துப் பேசலாம்.

சத்தம் போக வேண்டும் என்று ஒரேயடியாக டைட் வைப்பதும் இதே ரகம். பெல்ட் அடங்கிவிடும். ஆனால் அந்த இழுப்பு முழுவதும் ஆல்டர்னேட்டர் பேரிங் மேலும் தண்ணீர்ப் பம்ப் பேரிங் மேலும் இறங்கும். சில நூறு ரூபாய் பெல்ட்டைக் காப்பாற்றப் போய்ப் பம்பைக் காவு கொடுப்பார்கள். அந்தக் கால மாருதி என்ஜின்களுக்கு அளவு இது: இரண்டு புல்லிகளுக்கு நடுவே பெல்ட்டைக் கட்டைவிரலால் சுமார் 10 கிலோ பலத்தில் அமுக்கினால் 6 முதல் 9 மி.மீ. இறங்க வேண்டும். 10 கிலோ எவ்வளவு என்று விரலுக்குத் தெரியாதவர்கள் வீட்டு எடை மெஷினைக் கட்டைவிரலால் ஒருமுறை அழுத்திப் பார்த்துக்கொள்ளுங்கள். என்ஜின் ஆறியிருக்கும்போது அளக்க வேண்டும்.

பெல்ட்டின் வயதைக் கண்ணால் கண்டுபிடிப்பது முன்பு சுலபமாக இருந்தது. பழைய நியோப்ரீன் ரப்பர் வெடிப்பு வெடிப்பாக விரிசல் விட்டுச் சொல்லிவிடும். இப்போது வருகிற இ.பி.டி.எம். ரப்பர் பெல்ட்டுகள் லேசில் விரிசல் விடுவதில்லை. டயர் தேய்வதுபோல வரிகளின் பக்கங்கள் மட்டும் தேய்ந்துகொண்டே போகும். கறுப்பாக, புதிதாக, கம்பீரமாக இருக்கும். ஆனால் புல்லியைப் பிடிக்காது. உள்பக்கத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். பக்கங்கள் கண்ணாடி மாதிரி மின்னினாலோ, வரிகளுக்கு நடுவே உள்ள பள்ளம் அகன்று தெரிந்தாலோ மாற்றுகிற நேரம் வந்துவிட்டது. ஆமாம், பெல்ட்டே குற்றவாளியாக இருக்கிற வண்டிகளும் உண்டு. மற்ற எல்லாவற்றையும் பார்த்த பிறகு அந்த முடிவுக்கு வாருங்கள் என்பதுதான் என் வழக்கு.

புது பெல்ட் மாட்டினால் கால்மணி நேரம் ஓட்டிவிட்டு, ஆறவிட்டு, மறுபடி டைட் பார்க்க வேண்டும். முதல் ஓட்டத்தில் அது பள்ளத்தில் படிந்து கொஞ்சம் தளரும். சில நூறு கிலோமீட்டர் போனதும் இன்னொரு தடவை. பட்டறைக்கு வரவேண்டுமென்ற கட்டாயமில்லை. எடை மெஷினில் பழகிய கட்டைவிரல் போதும். கழற்றிய பெல்ட் கிழியாமல் இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். 12, 14 ஸ்பேனரோடு சேர்த்து ஒரு பையில் சுற்றி டிக்கியில் வையுங்கள். வத்தலக்குண்டு தாண்டிக் கொடைக்கானல் மலை ஏறும்போது பெல்ட் அறுந்தால் முதலில் டேஷ்போர்டில் சிவப்பு பேட்டரி விளக்கு எரியும், பின்னாலேயே டெம்பரேச்சர் முள் ஏறும். உடனே ஓரங்கட்டி நிறுத்திவிட்டு என்ஜினை ஆறவிடுங்கள். ரேடியேட்டர் மூடியில் கை வைக்காதீர்கள். பழைய பெல்ட்டை மாட்டிக்கொண்டு ஏ.சி. போடாமல் மெதுவாக ஓட்டினால் ஊர் வந்து சேரலாம். வழியெல்லாம் அது கத்தத்தான் செய்யும், கத்தட்டும்.